மூன்றாவது தாள்

என்னிடம் பன்னிரண்டு தாள்கள் இருந்தன. கும்பகோணத்தில் ஓவியம் படித்து முடித்த வருஷம் சென்னைக்குப் போனபோது, பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக் கடையில் வாங்கியவை. முதலில் இல்லை என்றுதான் கடைக்காரர் சொன்னார். நான் போகாமல் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து உள்ளே போய், ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த கட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் பிரித்தார். பருத்திக் கந்தலை ஊறவைத்துக் கூழாக்கிக் கையால் வார்த்த வெளிநாட்டுத் தாள். நாலு ஓரமும் வெட்டப்படாமல் பிசிறு பிசிறாக இருந்தது. ஒன்றை எடுத்து லேசாக உதறிக் காட்டினார். சாதாரணக் காகிதம் சலசலக்கும். இது 'தொம்' என்று கனத்து ஒலித்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மூலையில், தாளுக்குள்ளேயே, ஒரு முத்திரை நிழலாகத் தெரிந்தது.

அதே கடையில் ஒரு மைக்கட்டியும் வாங்கினேன். விரல் நீளம் இருக்கும். புகைக்கரியையும் பசையையும் சேர்த்து இறுக்கியது. கருங்கல் தட்டில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு அதை வட்டமாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் எண்ணெய் மாதிரி கனத்து வரும். லேசாகக் கற்பூர வாசனை எழும். அந்தத் தேய்ப்பு முடிவதற்குள் மனசு அடங்கிவிடும். பாட்டில் மையில் எத்தனை வரைந்தாலும் எனக்கு அது கிடைத்ததில்லை.

பன்னிரண்டில் இரண்டைத்தான் ஆறு வருஷத்தில் செலவழித்திருந்தேன். ஒன்றில் மன்னார்குடித் தெப்பக்குளம், மற்றதில் என் அம்மாவின் கைகள். மீதியை வேப்பிலையும் அந்துருண்டையும் போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன். அடைமழைக் காலம் முடிந்து தை பிறந்ததும் வெளியே எடுத்து நிழலில் ஒரு பகல் காற்றாட விடுவேன். அன்றைக்கு எதுவும் வரையமாட்டேன். உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பேன், அவ்வளவுதான். இதில் வரைய ஏதாவது தகுதியானது வரட்டும் என்று காத்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் கெடுத்துவிடுவோமோ என்ற பயம்.

மன்னார்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியர் வேலை. பாமணியாற்றுக்கு அக்கரையில் எங்கள் ஊர். சைக்கிளில் அரை மணி. அப்பா சீக்கிரமே போய்விட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன்தான் என்னை வளர்த்தார். மூன்று வேலி நிலம், ஏறக்குறைய இருபது ஏக்கர். பெரிய மிராசு என்று சொல்ல முடியாது, ஆனாலும் ஊரில் மிராசுதான். படம் போடுவதற்கெல்லாம் ஒரு படிப்பா என்று சிரித்தவர்களிடம், "அவனுக்குக் கை வருது, படிக்கட்டும். ஒங்களுக்கு என்ன?" என்று கேட்டவர் அவர். அந்தத் தாள்களும் அண்ணன் அனுப்பிய பணத்தில் வாங்கியவைதான். இதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

ஆட்சி மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. சுவர்களில் கறுப்பும் சிவப்பும். மேடைகளில் அடுக்குத் தமிழ். நில உச்சவரம்பு, குத்தகைப் பதிவு, குடியிருப்பு மனைக்குப் பட்டா என்று தினம் ஒரு பேச்சு கிளம்பும். ஆனால் எங்கள் ஊர் வரப்பில் நடந்த சண்டை அதற்கெல்லாம் முந்தியது. அறுவடைக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த பண்ணை ஆட்களின் தெருவில் சங்கம் வந்து, செங்கொடி ஏறியிருந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, கூட்டித் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். அண்ணனும் அதில் ஒருவர்.

அந்தத் தையில் சம்பா அறுப்புக்குத் தெற்கேயிருந்து லாரியில் ஆட்களைக் கொண்டுவந்தது அண்ணன்தான். காலையில் எங்கள் வயலில் வெளியாள் இறங்கியதும் ஊர் ஆட்கள் வரப்பில் வந்து நின்று மறித்தார்கள். பேச்சு முற்றியது. யாரோ தடியை எடுத்தார்கள். மறித்தவர்களில் இருந்த எங்கள் பண்ணையாள் ஒருவருக்குப் பின்மண்டையில் அடி விழுந்தது. கயிற்றுக் கட்டிலில் வைத்து ரோட்டுக்குத் தூக்கிப் போய், மன்னார்குடிக்கும் அங்கிருந்து தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூசணிக்காய் வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து, மன்னார்குடியில் தையல்கடை வைத்திருந்த சங்கத்துக்காரர் ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். படிப்பகத்தில் பார்த்துப் பழக்கம்.

"சார், நீங்க மாட்டேன்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் கேட்டுட்டுப் போயிடறேன். அஞ்சலிக் கூட்டத்துக்கு அவரு படம் வேணும். அவருக்கு ஒரு போட்டோ கூடக் கெடையாது. போலீஸ் எடுத்த படம் ஒண்ணு இருக்கு, அத மனுசன் பார்க்க முடியாது. நீங்க பார்த்துப் பழகின ஆளு, அதான்."

நான் சரி என்றேன். அண்ணனுக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்று நினைத்தேன். பார்த்துப் பழகின ஆள்தானே. ஒரு பலகையை வாங்கி, வெள்ளை பூசி, கரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஆகியும் ஒரு கோடு போட முடியவில்லை.

எனக்கு அவர் முகம் தெரியவில்லை.

என் சிறுவயதில், ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் பெருகினால், என்னைத் தோளில் தூக்கி அக்கரையில் பள்ளிக்கூடத்துக்கு விட்டவர் அவர். அவருடைய தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் உச்சந்தலையில் இரட்டைச் சுழி இருந்தது. அதை இப்போது கேட்டாலும் வரைவேன். முதுகு தெரியும். அறுத்த கட்டைத் தூக்கும்போது கழுத்தில் புடைக்கும் நரம்பு தெரியும். களத்தில் குனிந்து நெல்லைத் தள்ளும் கை தெரியும். முகம் மட்டும் இல்லை. எங்கள் எதிரில் வரும்போது அவர் குனிந்தே நின்றார். நானும் குனிந்து பார்த்ததில்லை. ஐந்து வருஷம் மனித முகத்தை வரையப் படித்தவன் நான். தெருவில் போகும் முன்பின் தெரியாதவர்களின் மூக்கையும் தாடையையும் மனசுக்குள் வரைந்துகொண்டே நடப்பவன்.

கூட்டத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. தையல்காரர் சொன்ன அடையாளத்தை வைத்து ஒரு முகத்தைப் போட்டேன். மீசையை அடர்த்தியாக வைக்கச் சொன்னார். பார்வை நேராக, தீர்க்கமாக இருக்கட்டும் என்றார். கையை உயர்த்தி முஷ்டி போடச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். கடைத்தெரு முனையில் மேடை போட்டு, அந்தப் பலகைக்கு மாலை போட்டிருந்ததைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, பள்ளிக்கூடம் அரைநாளோடு முடிந்த பிறகு, ஓவிய அறை வாசலில் இறந்தவரின் மனைவி வந்து நின்றார். கூடப் பத்து வயது மகள். நன்னிலம் பக்கத்திலிருந்து எங்கள் ஊருக்கு வாழ வந்தவர். எங்கள் வயலில் நடவு நட்டவர்தான்; இவர் முகத்தையும் நான் அன்றுதான் நேராகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. அழுது முடித்த முகம்.

"சின்னய்யா, கூட்டத்துல ஒரு படம் வச்சிருந்தாங்களே, அத நீங்கதான் எழுதுனீங்களாம்."

"ஆமா."

"அது யாரு?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவரே தொடர்ந்தார்.

"எம்மவ கேட்டா, அப்பா படம்னாங்களே எங்கம்மான்னு. எதைக் காட்டுவேன்? நல்லாத்தான் இருக்கு, குத்தம் சொல்லல. ஆனா அவரு இம்புட்டுச் செவப்பு இல்ல சின்னய்யா. கறுப்பு. நல்ல கறுப்பு. வேற ஒண்ணு எழுதித் தருவீங்களா? சின்னதா இருந்தாப் போதும். கூட்டத்துக்கு இல்ல, எங்களுக்கு."

தெரியவில்லை என்று சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "எனக்கு முகம் ஞாபகம் இல்ல. நீ சொன்னா வரையறேன்" என்று வந்தது. 'நீ' என்றுதான் சொன்னேன். எங்கள் வீட்டில் பாலகன்கூட அந்தத் தெருவில் எத்தனை வயதானவரையும் அப்படித்தான் கூப்பிடுவான். அன்றைக்கு அது என் காதிலேயே இடித்தது.

பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மாட்டேன் என்று சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். அவர் கீழேயும் நான் நாற்காலியிலும் இருந்தால் முகத்தைப் பார்த்துப் பேச முடியவில்லை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு நானும் தரையில் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துத் தாளில்தான் வரைந்தேன். கரியால் போட்டு அழித்து, போட்டு அழித்து. நெற்றி எப்படி, கன்னத்தெலும்பு தெரியுமா, காது ஒட்டினாற்போலவா விரிந்தாற்போலவா என்று கேட்பேன். முகத்தை வார்த்தையில் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "மூக்கா? மூக்கு மாதிரிதான் இருக்கும்" என்பார். பிறகு யோசித்து, "சளி புடிச்சா ஒரு பக்கந்தான் அடைக்கும் அவருக்கு, எடது பக்கம் கொஞ்சம் கோணல்" என்பார். சில நேரம் மகளின் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "இந்தப் பக்கம் அப்பிடியே அவருதான், பாத்துக்குங்க" என்று காட்டுவார். அந்தச் சின்னப் பெண் அசையாமல் இருந்தாள். முன்பல்லில் பாதி உடைந்திருந்ததாகவும், சிரிக்கும்போது கையை வைத்து மறைத்துக்கொள்வார் என்றும் அவள்தான் சொன்னாள்.

இரண்டாவது சனிக்கிழமை முகம் ஓரளவு பிடிபட்டதும் மையை எடுத்தேன். கறுப்பு நிறத்தை மையில் கொண்டுவர ஒரே வழிதான் உண்டு. நீர்த்த மையைப் பூசிக் காயவிட்டு, அதன்மேல் இன்னொன்று, அதன்மேல் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அடியில் இருக்கும் தாளின் வெளிச்சம் ஒவ்வொரு பூச்சுக்கும் ஊடே வந்துகொண்டிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துத் தாள் இரண்டாவது பூச்சுக்கே கசிந்தது. மூன்றாவதில் கன்னம் புழுதியாக உரிந்து தூரிகையோடு வந்துவிட்டது. அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல சின்னய்யா. காயிதம் அப்பிடி."

அப்போது என் டிரங்குப் பெட்டியில் பத்துத் தாள்கள் இருந்தன. காகிதம் அப்படி இல்லை என்பது எனக்குத் தெரியும். முதல் நாளிலேயே தெரியும். இந்தப் படத்துக்கு அந்தத் தாளை எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. தகுதியானது வரட்டும் என்று காத்திருந்தேன் அல்லவா. சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போகும்போது முகம் கொதித்தது.

அடுத்த சனிக்கிழமை மூன்றாவது தாளோடு போனேன். மைக்கட்டி, கல், அணில்முடித் தூரிகைகள், கட்டைப் பேனா எல்லாம் எடுத்துக்கொண்டேன். தாளை நனைத்துப் பலகையில் இழுத்து ஒட்டிக் காயவைத்திருந்தேன். அவர் விரல்நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்து, "துணியாட்டம் இருக்கு" என்றார்.

"துணியிலேருந்து செய்யறதுதாங்க" என்றேன். அன்றிலிருந்து 'நீங்க' என்றே பேசினேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பங்குனி வெயிலில் தாள் நன்றாக உலர்ந்து இறுகியிருந்தது. முதல் பூச்சை நெற்றியிலிருந்து இறக்கினேன். தாள் அதை அவசரமில்லாமல் குடித்தது. ஓரத்தில் நான் எங்கே நிறுத்தினேனோ அங்கே நின்றது. காய்ந்ததும் அடுத்தது. ஐந்தாவது பூச்சில் கன்னத்தில் ஒரு பளபளப்பு தானாக எழுந்து வந்தது, வேர்வையில் மினுங்கும் தோல் மாதிரி. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எதிரில் கணவனைப் பறிகொடுத்த பெண் உட்கார்ந்திருக்கிறார். அடித்தவர்களை அழைத்துவந்தது என் வீடு. நான் மையும் தாளும் சேரும் அழகில் என்னை மறந்து இருக்கிறேன். அந்த வெட்கத்தோடேயே அடுத்த பூச்சையும் பூசினேன். கையை நிறுத்த முடியவில்லை. நிறுத்தக் கூடாது என்றும் தோன்றியது. வேலை ஒழுங்காக வருவதற்கு அந்தச் சந்தோஷம் தேவைப்பட்டது.

உடம்பைப் போட்டபோது துண்டை இடுப்பில் சுற்றி வரைந்திருந்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவர் பார்த்துவிட்டு, "துண்டு எதுக்கு அங்க கெடக்கு?" என்றார்.

"அவர் அப்படித்தானே கட்டியிருப்பார்?"

"ஒங்க தெருவுல. எங்க தெருவுல தோள்லதான் கெடக்கும். எங்கூட்டுக்கு எதுக்கு அவரு இடுப்புல கட்டிக்கிட்டு நிக்கணும்?"

கோபம் இல்லாமல்தான் சொன்னார். கோடு அப்போது பென்சிலில்தான் இருந்தது. அழித்துவிட்டுத் தோளில் போட்டேன். துண்டு மேலே ஏறியதும் கழுத்தும் தலையும் நின்ற விதமே மாறிவிட்டது. கழுத்துக்கோட்டை நேராக்கியதும் தலை நிமிர்ந்தது. நிமிர்ந்ததும் கண்ணைப் போட வேண்டியிருந்தது. அதுவரை கண்ணை மையில் தொடாமல், இமையைத் தாழ்த்திப் பென்சிலில் மட்டுமே வரைந்து வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது.

"கண்ணு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"எம்மேல கோவமா இருந்தாக்கூடப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. திரும்பிக்க மாட்டாரு" என்றார். அதை வைத்துக்கொண்டு வரைந்தேன். அதைவிட நல்ல குறிப்பு எந்த ஆசிரியரும் எனக்குத் தந்ததில்லை.

படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. கடைசிப் பூச்சுகளுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாடி அறையில், சன்னலோரம். அண்ணன் களத்துக்குப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். மையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது.

அண்ணன் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அருகில் வந்து குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"புருவத்துல தழும்பு உண்டு. விட்டுட்டியே."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"வலது புருவம். குறுக்கால. மயிர் மொளைக்காது அந்த எடத்துல. மதகுல குதிச்சோம், ரெண்டு பேரும். கல்லுல அடிச்சுது. நான்தான் எலைய கசக்கி வச்சுக் கட்டுனேன். எட்டு வயசு இருக்கும் அப்ப." அண்ணனுக்கும் அவருக்கும் ஒரே வயது என்பதே எனக்கு அதுவரை உறைத்ததில்லை. "பல்லு சரியாப் போட்டிருக்கே. யாரு சொன்னா?"

"அவர் மகள்."

அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அடிக்கல. ஒனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்ணா. அடிச்சவங்களக் கூட்டிட்டு வந்தது நாமதானே."

"அறுக்கத்தான் கூட்டிட்டு வந்தேன்."

"தடியோட வந்தாங்கள்ல. அதையும் பார்த்தீங்கள்ல?"

அண்ணன் கதவு வரை போய் நின்று, "இத இந்த வீட்டுல வச்சு எழுதாத. ஒங்க அண்ணி பாத்தாப் பயப்படுவா" என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அண்ணி பயப்படுபவர் அல்ல.

அடுத்த சனிக்கிழமை படத்தை இறந்தவரின் மனைவி முன்னால் வைத்துவிட்டு, "வலது புருவத்துல ஒரு தழும்பு இருந்துதா?" என்று கேட்டேன். அவர் வாயில் கையை வைத்தார்.

"இருந்துச்சு. நான் எப்பிடி மறந்தேன்? தெனம் பாத்த மொகம். ஒங்களுக்கு யாரு சொன்னா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தத் தழும்பை என்னால் போட முடியாது என்று தோன்றியது.

"எங்க அண்ணன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். வெளியே மைதானத்தில் பிள்ளைகள் பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

"போடுங்க" என்றார் கடைசியில். "அது இருந்துச்சுல்ல. போடுங்க."

பூசிய மையைச் சுரண்டி வெள்ளையைக் கொண்டுவருவது அபாயமான வேலை. மட்டமான தாளாக இருந்தால் கிழிந்துவிடும். சவர பிளேடின் முனையால் புருவத்துக்குக் குறுக்கே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்று முறை வருடினேன். தாள் தாங்கியது. ஒரு நெல்மணி அகலத்துக்குப் புருவம் விலகி வழிவிட்டது. அவர் அப்போதுதான் அழுதார். முதல் தடவையாகப் படத்தைப் பார்த்து "ஏங்க" என்று கூப்பிட்டார். மகள் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் தூரிகைகளைக் கழுவுகிற சாக்கில் வெளியே போய்விட்டேன்.

கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, தையல்காரர் மூலமாகப் படத்தை அவர்கள் வீட்டுக்கு அனுப்பினேன். அவரே சைக்கிளில் கட்டிக் கொண்டுபோனார். போகும்முன் படத்தைப் பார்த்து, "முஷ்டி இல்லியே சார்" என்றார். பிறகு இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு, "வேணாம்" என்று தானே சொல்லிக்கொண்டார்.

அந்தக் கோடை விடுமுறையிலேயே மன்னார்குடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அண்ணன் போகாதே என்று சொல்லவில்லை. டிரங்குப் பெட்டியை வண்டியில் ஏற்றும்போது மட்டும் அவரே ஒரு பக்கம் பிடித்தார். வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. யார் அடித்தது என்பது நிரூபணம் ஆகவில்லை. குடியிருப்பு மனைகளை அளக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து வந்தபோது அண்ணன் ஆட்சேபணை மனு கொடுத்தார். நான் போய்க் கேட்டேன். "சட்டம்னா சட்டப்படி பாப்போம்" என்றார். சட்டப்படியே அந்தத் தெருவுக்குப் பட்டா கிடைத்தது. அண்ணன் இறந்த வருஷத்தில் நான் போய் அருகில் இருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாங்கள் பிறகு பேசவே இல்லை.

நான் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆன பிறகு ஒரு நாள் தொலைபேசியில் ஒரு பெண் பேசினார். தஞ்சாவூரில் செவிலியராக வேலை பார்ப்பதாகச் சொன்னார். அம்மா முகவாயைத் திருப்பிக் காட்டியபோது அசையாமல் உட்கார்ந்திருந்த அந்த மகள். படத்தின் சட்டத்தைக் கரையான் அரித்துவிட்டதாம். வேறு யாரிடமும் கொடுக்க அம்மா சம்மதிக்கவில்லையாம். மறுநாள் பஸ் ஏறினேன்.

குடிசை இருந்த அதே மனையில் மாடி வீடு. வாசலில் டிராக்டர் நின்றது. எங்கள் பழைய வயலில் ஒரு பகுதியை அவர்களுக்கு மகன்முறையான ஒருவர் வாங்கிப் பயிர் செய்வதாகச் சொன்னார்கள். அந்த அம்மா தலை முழுக்க வெளுத்து, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சார். உக்காருங்க" என்றார்.

படத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பின்பலகையைப் பிரித்தேன். பலகை பொடிப்பொடியாக உதிர்ந்தது. கரையான் தாளின் கீழோரத்தை விரலகலம் கடித்துவிட்டு நின்றிருந்தது. மை அப்படியே இருந்தது. கன்னத்துப் பளபளப்பு அப்படியே இருந்தது. என் வாழ்நாளில் அதற்குப் பிறகு ஒன்பது நல்ல தாள்களையும் வரைந்து முடித்தேன். இரண்டு படங்களுக்குப் பரிசுகூடக் கிடைத்தது. இந்த அளவுக்கு எதுவும் வரவில்லை என்பது எனக்கு அந்த மேசையில் தெரிந்தது.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு சொல்லணும் சார். இம்புட்டு நாளா யாருகிட்டயும் சொல்லல. அவரு மொகத்த நெனச்சா எனக்கு இப்ப இந்தப் படந்தான் வருது. மொதல்ல ரெண்டும் வந்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் இது மட்டுந்தான். நெசமான மொகம் எங்க போச்சுன்னே தெரியல."

மன்னிப்புக் கேட்க வேண்டுமா, சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை. "எழுதாம இருந்திருக்கணுமோ?" என்று கேட்டேன்.

"எழுதலன்னா அதுவும் போயிருக்கும்" என்றார். "பேரப் புள்ளைங்க தாத்தான்னு இதத்தான் கும்புடுதுங்க. தழும்பு ஏதுன்னு கேக்குங்க. மதகுல குதிச்சாரு, கல்லுல அடிச்சுதுன்னு சொல்லுவேன்."

"கூட யாரு குதிச்சாங்கன்னு கேட்டா?"

"அதையும் சொல்லுவேன்" என்றார்.

மகள் காபி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, கடித்த ஓரத்தைச் சுத்தம் செய்து, புதுப் பலகை வைத்து, ஆணி அடித்தேன். பழைய இடத்திலேயே மாட்டினோம். அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து எதிரில் நின்று பார்த்தார்.

"எடது பக்கம் கொஞ்சம் எறக்கமா இருக்கு சார்."

நான் ஸ்டூலில் ஏறிச் சரிசெய்தேன்.